பனிமலைக்குள் கிருமிகள்: பழைய தட்பவெப்பத்துக்குச் சாட்சியா?

நுண்ணோக்கி: திபெத் பீடபூமியின் குலியா பனிமலையில் 2015-ல் துளைத்தெடுத்த 310 மீட்டர் பனித்தண்டைப் பற்றி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2024-ல் எழுதியிருக்கிறது. 41,000 ஆண்டுகளில் பரவிய ஒன்பது அடுக்குகள், 1,705 வைரஸ் மரபணுத்தொகுதிகள். குளிர்ந்த காலத்தில் ஒரு கூட்டம், வெப்பமான காலத்தில் வேறு கூட்டம். பனியுகம் முடிந்த 11,500 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கு தனி ரகம். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மருதன்77: வேண்டும் சார். பனியிலுள்ள ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) விகிதமே அன்றைய குளிரைச் சொல்லிவிடும், வைரஸ் எதற்கு? அதுவும் துளைக்கருவியிலிருந்து ஒட்டியதா என்று யார் கண்டது? அண்டார்க்டிகாவில் பனிக்கடியில் கிடக்கும் வோஸ்டாக் ஏரியில், கிடைத்த கிருமி ஏரியுடையதா, துளைக்குள் ஊற்றிய மண்ணெண்ணெயோடு வந்ததா என்று எத்தனை சண்டை!

நுண்ணோக்கி: அதற்குத்தான் சோதனைத் தண்டு செய்தார்கள். சுத்தமான நீரை உறையவைத்து, அதன்மேல் ஏற்கெனவே அடையாளம் தெரிந்த பாக்டீரியாவையும் வைரஸையும் பூசி, ரம்பத்தால் சுரண்டி, எத்தனாலில் கழுவி, கடைசியில் கிருமியற்ற நீரில் கழுவினார்கள். வெளிப்புறத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் போல நீங்கியபின் உட்பகுதியில் பூசியது எதுவும் இல்லை.

மருதன்77: சரி, சுத்தத்தை விடுங்கள். வயதுக்கு வாருங்கள். இதே குலியாவின் அடிப்பனிக்கு 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்று 1997-ல் சொன்னார்கள். 2019-ல் கிரிப்டான்-81 என்ற கதிரியக்க வாயுவை வைத்து வயது பார்த்தவர்கள் அதைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தேதியே ஆடுகிறது, அப்புறம் எந்தக் காலத்துக்குச் சாட்சி?

நுண்ணோக்கி: குளிரா வெப்பமா என்பதைத் தேதியா சொல்கிறது? ஆக்சிஜனும் வைரஸும் ஒரே தண்டில் இருக்கின்றன. நாளை வயதைத் திருத்தினாலும் அந்த ஜோடி பிரியாது. வெப்பநிலை மாறியபோது உயிர்கள் என்ன ஆயின என்பதை ஆக்சிஜன் சொல்லாது.

வாடைக்காற்று: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குலியா வைரஸ்களில் கால்வாசி மற்ற இடங்களில் தெரிந்த வைரஸ்களோடு ஒத்துப்போகின்றன, சில மத்தியக் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் மாறியது உயிர்களா, தூசியைக் கொண்டுவந்த காற்றா? காற்றுதான் என்றாலும் எனக்கு ஆட்சேபமில்லை, அதுவும் தட்பவெப்பச் செய்திதான்.

மருதன்77: அதுதான் சிக்கலே. உயிர்கள் தகவமைந்தன என்பது ஒரு கதை, காற்று திசை மாறியது என்பது வேறு கதை. ஒரே மலையின் ஒன்பது அடுக்குகளில் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? பெரு நாட்டின் உவாஸ்கரான் மலையிலும் பனியுக முடிவு வரை எட்டும் பனி இருக்கிறது. அங்கேயும் அந்த அடுக்கு தனி ரகமாக வரட்டும், பேசலாம்.