நாளைக்குப் போயா என்று மகள்தான் ஞாபகப்படுத்துகிறாள்

உப்புவெளித் தாய்:

என் கணவர் வெறிகாரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப்பேர் "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கோ" என்று எழுதுவீர்கள். அரசாங்க வேலை. வெள்ளிக்கிழமை இரவு, சினேகிதர்கள் வந்தால் சனியும். முற்றத்தில் கதிரை போட்டு, ஒரு அரைப் போத்தல் சாராயம், சோடா. சத்தம், சண்டை ஒன்றும் கிடையாது. கணவாய் பொரித்துக் கொடுப்பது நான்தான்.

போன கிழமை என் 9 வயது மகள் கலண்டரில் பள்ளிக்கூட லீவு பார்த்துக்கொண்டு இருந்தாள். திடீரென்று, "அப்பா, நாளைக்குப் போயா, கடை பூட்டு. இன்றைக்கே வாங்கி வையுங்கோ" என்றாள். (போயா என்றால் பௌர்ணமி லீவு, அன்றைக்கு இலங்கையில் சாராயக் கடைகள் பூட்டு.) அவர் சிரித்தார். வந்திருந்த மச்சானும் "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முந்தி, அவர் கந்தோரில் ஏச்சு வாங்கி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தபோது சின்னவன், 6 வயது, "கிளாஸ் எடுத்துத் தரட்டா அப்பா?" என்று கேட்டான்.

பிள்ளைகள் கண்ணில் படாமல் குடிக்கச் சொல்வதா? இல்லை, ஒளிக்காமல் இருப்பதுதான் நல்லதா? அவர் சொல்வது இதுதான்: "ஒளித்தால்தான் ஆசை வரும். வெளிநாட்டில் தாய் தகப்பனே வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பழக்குகிறார்கள், அந்தப் பிள்ளைகள் அளவோடு நிற்கும்." கனடாவில் இருக்கும் என் அண்ணாவும் இதே கதைதான். அவர் வேறு அடுத்த மாதம் வருகிறார், விமான நிலையத்தில் வாங்கிய போத்தலோடு.

பாலையூற்று மாஸ்டர்:

தங்கச்சி, எங்கள் அப்பா தவறணைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு நாள்கூட எங்கள் முன்னால் போத்தலைத் தொட்டதில்லை. நாங்கள் ஐந்து ஆம்பிளைப் பிள்ளைகள், ஒருவர்தான் குடிப்பார். மரியாதை என்று ஒன்று இருந்தது. இந்தக் காலத்தில் முற்றத்தில் கதிரை போட்டுக் குடித்துவிட்டு "ஒளிக்கக் கூடாது" என்கிறார்கள். வெளியே போய்க் குடிக்கட்டும், அவ்வளவுதான்.

மூதூர்க்காரி:

நான் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. மாஸ்டர் ஐயா கோபிக்க வேண்டாம், உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் அப்பா எங்கே போய் வருகிறார் என்று தெரிந்திருந்ததே! ஏலக்காய் மென்றுகொண்டு வந்தாலும் மூக்குக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் கதைக்கக் கூடாது என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் படிப்பார்கள்.

கொஞ்சம் கொடுத்துப் பழக்கும் கதைக்கு வருவோம். அவுஸ்திரேலியாவில் 1,900க்கு மேற்பட்ட பிள்ளைகளை 6 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2018இல் த லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. தாய் தகப்பன் கொடுத்துப் பழக்கியதால் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அப்படிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் பிறகு வெளியிலும் தேடிக் குடிக்கக்கூடியவர்களாக இருந்தார்கள். அண்ணா வந்ததும் இதைச் சொல்லுங்கள். இங்கே இலங்கையில் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கவே முடியாது, மருமகளுக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பது பாசம் இல்லை என்றும் சொல்லுங்கள். 'அளவோடு குடித்தால் உடம்புக்கு நல்லது' என்று தொடங்கினால், ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

போயாக் கதையை நான் பெரிதாக எடுக்கமாட்டேன், பிள்ளை வீட்டு வழக்கத்தைப் பாடமாக்கியிருக்கிறாள். ஆனால் சின்னவன் கேட்டது எனக்கு உறுத்துகிறது. முகம் வாடினால் கிளாஸ் என்று அவனுக்குப் பதிந்துவிட்டது. ஆகவே கணவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: ஏச்சு வாங்கிய நாளில், சண்டை பிடித்த நாளில் போத்தலைத் தொட வேண்டாம். "இன்றைக்குக் கந்தோரில் ஏசிவிட்டார்கள், மனசு சரியில்லை" என்று பிள்ளைகளுக்குக் கேட்க வாயால் சொல்லட்டும். கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

சோடா வாங்க, ஐஸ் எடுக்க, கிளாஸ் கழுவப் பிள்ளைகளைக் கூப்பிடவே கூடாது. அப்புறம், நிலாவெளி வீதியில் வந்த சினேகிதர்கள் எப்படித் திரும்பிப் போகிறார்கள்? குடித்த மாமா மோட்டார் சைக்கிளில் ஏற, பிள்ளைகள் படலையில் நின்று டாட்டா காட்டினால் அதையும் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று கணவாய் பொரிப்பது எப்போது?

கிண்ணியா நானா:

நான் குடிப்பதில்லை. தமிழ்ச் சினேகிதர்களின் விசேஷங்களுக்குப் போனால் எனக்கு நெக்டோ வந்துவிடும், ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள், 'நானாவுக்கு மார்க்கம்' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் என்னோடு வரும் தமிழ்ச் சினேகிதர் ஒருவர் வேண்டாம் என்றால் விடுவதே இல்லை. "மனுசிக்குப் பயமா?", "மருந்து குடிக்கிறியா?", "ஆம்பிளைதானே நீ?" இதெல்லாம் பொடியன்கள் பக்கத்தில் நின்று பகோடா சாப்பிடும்போது நடக்கிறது. வேண்டாம் என்பதற்குச் சமயமோ வருத்தமோ காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். உங்கள் முற்றத்தில் யாராவது வேண்டாம் என்றால் உங்கள் கணவர் என்ன சொல்வார், தங்கச்சி?

உப்புவெளித் தாய்:

நானா, அவர் "சும்மா ஒரு சொட்டு" என்பார். மூன்று தரம் என்பார்.

எல்லாவற்றையும் வாசிக்கக் கொடுத்தேன். பிள்ளைகளை ஏவுவதை உடனே விடுகிறேன் என்றார். ஏச்சு வாங்கிய நாள் விஷயத்தில் முகம் சுருங்கிவிட்டது, "அந்த நாளில்தானே வேணும்" என்றார். அதைக் கேட்டுவிட்டு அவரே கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இன்னும் சம்மதிக்கவில்லை, நானும் விடவில்லை. சினேகிதர்களுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுப்பது என்று முடிவு. அண்ணாவிடம் அவுஸ்திரேலியாக் கதையைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். "அது அவுஸ்திரேலியா, நாங்கள் கனடா" என்கிறார்.