சல்பேற்று இல்லாத ஷாம்பூவும் கண்டிசனரும் யாழ்ப்பாணத்தில் மலிவாகக் கிடைக்குமா?

கொக்குவில் சுருள்முடி:
வணக்கம். எனக்குச் சுருள்முடி. வழமையான ஷாம்பூ போட்டு முழுகினால் மறுநாளே முடி வைக்கோல் போலாகி, தலையும் கடிக்கத் தொடங்குகிறது. நுரை வரவும் அழுக்கு நீங்கவும் சேர்க்கப்படும் சல்பேற்று இல்லாததற்கு மாறும்படி பலரும் சொல்வதால் நகரக் கடைகளில் விசாரித்தேன். அப்படி எழுதப்பட்டவை பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். ஒரு சிறிய போத்தலின் விலைக்கு வழமையான ஷாம்பூ இரண்டு மூன்று வாங்கிவிடலாம். கண்டிசனரையும் அதே வகையில் வாங்குவதென்றால் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உண்டு, முழுகுவது கிணற்றுத் தண்ணீரில். குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

மருந்துக்கடை அக்கா, திருநெல்வேலி:
தங்கச்சி, கண்டிசனர் செலவை முதலில் குறைத்துவிடுங்கள். அழுக்கு நீக்குவது அதன் வேலை அல்ல என்பதால், சாதாரண கண்டிசனர்களில் நுரை தரும் சல்பேற்றுகள் பொதுவாகச் சேர்க்கப்படுவதே இல்லை. முன்பக்கத்தில் 'சல்பேற்று அற்றது' என்று அச்சிட்டிருப்பதற்காக மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்பக்கத்தில் பிஹென்ட்ரைமோனியம் மெதோசல்பேற்று என்று கண்டால் பயப்படவும் வேண்டாம், அது முடியை மிருதுவாக்கும் பொருள்.

ஷாம்பூவில்தான் கவனம் தேவை. சேர்மானங்கள் பெரும்பாலும் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுவதால், தண்ணீருக்கு அடுத்து வரும் மூன்று நான்கு பெயர்களைப் பார்த்தாலே போதும். சோடியம் லோரில் சல்பேற்று, சோடியம் லோரெத் சல்பேற்று, அமோனியம் லோரில் சல்பேற்று ஆகியவை நீங்கள் தவிர்க்க விரும்புபவை. டெசைல் குளுக்கோசைட்டு, சோடியம் கொக்கொயில் ஐசெதயனேற்று போன்றவை மென்மையானவை. கோக்கமிடோபுரொப்பைல் பீற்றெயின் என்ற மென்மையான நுரைப்பொருள் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சல்பேற்று உள்ள ஷாம்பூவிலும் அதைத் துணைக்குச் சேர்ப்பார்கள். ஒலிஃபின் சல்போனேற்று என்பது சல்பேற்று இல்லைத்தான், ஆனால் எண்ணெயை உரித்தெடுப்பதில் அதற்குச் சளைத்ததல்ல. விலை கொடுத்து அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளுக்கான ஷாம்பூக்களில் சில சல்பேற்று இல்லாமலும் சற்று மலிவாகவும் வரும். எல்லாம் அப்படியல்ல, ஆகவே அங்கும் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

இரசாயனம், நல்லூர்:
அக்கா சொன்னது சரி. ஆனாலும் குற்றம் முழுவதையும் சல்பேற்றின் தலையில் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அதனூடாக ஊறிவரும் நம் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுதி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புகள் முடியிலும் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். சவர்க்காரக் கட்டியால் தலை கழுவுபவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் சவர்க்காரம் கல்சியத்துடன் சேர்ந்து கரையாத படிவாகிவிடும். எனவே சேர்மானங்களில் ஈடிடிஏ என்ற பெயர் உள்ளதா என்றும் பாருங்கள். அது அந்த உலோக அயன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுகியபின் ஒரு செம்பு தண்ணீரில் சில துளி தேசிக்காய்ப்புளி விட்டு அலசினாலும் படிவு ஓரளவு கரையும். அதன்பின் நல்ல தண்ணீர் ஊற்றாமல் வெயிலில் இறங்காதீர்கள், தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துவிடும்.

இன்னொன்று: சல்பேற்று புற்றுநோய் தரும் என்பது 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல்கள் வழியே பரவிய வதந்தி, ஆதாரமற்றது. தோலை உலர்த்தும், சிலருக்கு எரிச்சல் தரும் என்பதே உண்மை. லோரில் வகையைவிட லோரெத் வகை மென்மையானது. தலைகடி இல்லாதவர்கள் அதையே குறைந்த அளவில், முடி நுனியில் தேய்க்காமல் தலைத்தோலில் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம்.

வேலணை வாசகி:
எங்கள் பக்கத்துக் கிணறு சவர். ஆகவே மாரியில் தொட்டியில் பிடிக்கும் மழைநீரைக் கடைசி அலசலுக்கு ஒதுக்கி வைப்போம்; கல்சியம் அற்ற தண்ணீருக்கு இதைவிட மலிவான வழி தெரியவில்லை. ஷாம்பூவுக்குப் பதிலாகச் செவ்வரத்தம் இலையைக் கசக்கி, அந்த வழுவழுப்பான சாற்றை வடித்துத் தேய்ப்பதும் உண்டு. அதிகம் எண்ணெய் வைத்த தலைக்கு அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடிக்காமல் போட்டால் சுருள்முடியில் இலைத்துணுக்குகளைப் பொறுக்கியே பொழுது போய்விடும்.

கொக்குவில் சுருள்முடி:
மிக்க நன்றி. எண்ணெய் வைத்த நாளில் மென்மையான ஷாம்பூ போதுமா, அக்கா?

மருந்துக்கடை அக்கா, திருநெல்வேலி:
ஒரு தடவையில் போகாது. முடியை நனைத்து, அந்த மலிவான கண்டிசனரை முதலில் எண்ணெயின் மேலே தேய்த்துச் சில நிமிடம் விட்டு அலசுங்கள், எண்ணெயில் பெரும்பகுதி அதோடு கழன்றுவிடும். அதன்பிறகு ஷாம்பூ கொஞ்சமே செலவாகும். முதலில் சிறிய போத்தலை வாங்குங்கள். தலைகடி அப்படியே நீடித்தால் அது பொடுகாகவும் இருக்கலாம், தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.