மறு: கோர் – கருவா, உள்ளகமா, காழா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சனிக்கிழமை வகுப்பில் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு, படத்திருத்தத்துக்குக் கணினி வாங்குவது பற்றி ஒரு கையேடு தருகிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். நினைவகப் பகுதி முடிந்தது: 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால் ஓர் அடுக்குக்கே (லேயர்) 144 மெகாபைட், பத்து அடுக்கு போட்டால் 1.4 ஜி.பி. ஆகிவிடும். அதனால் 16 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். பனோரமா ஒட்டுபவர்கள் 32 வாங்கலாம், அதையும் ஒரே ரேமாக இல்லாமல் இரண்டு பதினாறாக.

முட்டுவது, கணினிச் செயலிக்குள் (ப்ராசசர்) தனித்தனியாக வேலை செய்யும் பகுதியான கோர் பற்றிய இந்த வரிதான்: "800 படத்தை மொத்தமாக ஏற்றுமதி செய்யக் கோர் எண்ணிக்கை கைகொடுக்கும், தூரிகையால் முகத்தைத் திருத்த, ஒரு கோரின் வேகம்தான் கைகொடுக்கும்." கோருக்குக் 'கரு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

* * *

தம்பி,

கரு வேண்டாம். கரு வளர்ந்து வேறொன்றாக ஆவது. இது அப்படி ஆவதில்லை. "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்கிறது தொல்காப்பிய மரபியல். பனைக்கு வயிரம், அதாவது இறுகிய கட்டை, வெளியே, அதனால் அது புல். நடுவில் வெறும் சோறுதான். பூவரசை அறுத்துப் பாருங்கள்: ஓரம் வெளிறி, நடுவே கறுஞ்சிவப்பாக வயிரம் இறுகி நிற்கும். அதுதான் காழ். விதைக்கும் தூணுக்கும் மணிவடத்துக்கும்கூடக் காழ் என்று பெயர் உண்டு. நான்கு கோருக்கு நாற்காழ், எட்டுக்கு எண்காழ் என்று எவ்வளவு எளிதாகப் புணர்கிறது!

* * *

ஐயா, காழ் அழகான சொல். ஆனால் இன்றைய பிள்ளைக்குக் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வரும். நேற்று இங்கே ஒருவர் சொன்ன 'உள்ளகம்' இலங்கையில் எடுபடாது. உள்ளக விசாரணை, உள்ளகக் கணக்காய்வு என்று அது எங்களுக்கு வேறு வேலை செய்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், ப்ராசசரைச் செயலி என்பது. கைபேசியில் இறக்கும் ஆப்பையும் செய்தித்தாள்கள் செயலி என்றே எழுதுகின்றன. அண்ணா, உங்கள் கையேட்டிலேயே "இந்தச் செயலிக்கு வேகமான செயலி தேவை" என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் பாடநூல்கள் சொல்வதுபோல் முறைவழியாக்கி என்று எழுதினால் என்ன?

* * *

மண்வெட்டி, சுமைதாங்கி போல வினையடியில் இகரம் ஏறினால் இன்ன வேலைக்கான கருவி என்று தெளிவாகிவிடும். செயலியில் அது செயல் என்ற பெயரோடு சேர்கிறது, நாற்காலிபோல. செயல் உடையது எதுவும் செயலிதான். குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆனால் முறைவழியாக்கி நாவில் புரளாது, அம்மா. எண்காழ் முறைவழியாக்கி என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

* * *

நண்பர்களே, வெள்ளி விடிந்துவிட்டது. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் கருவுக்கு ஆறு பேர், காழுக்கு இரண்டு, உள்ளகத்துக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் "கோர் எனப்படும் கரு" என்று போட்டு, அப்புறம் கரு என்றே விட்டுவிட்டேன். வன்பொருளுக்கு மட்டும் செயலி; படம் திருத்தும் லைட்ரூம், கிம்ப் எல்லாம் மென்பொருள். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

* * *

அச்சாகட்டும், தம்பி. எனக்கு உடன்பாடில்லை என்பதையும் குறித்துவையுங்கள். பூவரசங்கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து, இன்றே பார்சலில் போடுகிறேன். வகுப்பில் அதைக் கையில் கொடுத்துவிட்டு, கரு என்று சொல்ல வருகிறதா என்று பிள்ளைகளையே கேளுங்கள்.