நன்னாரியா, நன்னாறியா?

மஞ்சக்குப்பத்தான்:
புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு சர்பத் வண்டி. பலகையில் 'நன்னாறி' என்று வல்லின றகரம். ஒருத்தர் "தப்பு, அழிங்க" என்றார். வண்டிக்காரர் பேசவே இல்லை; கேரளக் கரையில் இருக்கிற மாஹேயிலிருந்து வந்த பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். மலையாள லேபிளிலும் றகரம்தான். நார் நாரான வேர், அதனால் நன்னாரி என்றுதானே சொல்வார்கள்? எது சரி?

வில்லியனூர் மருந்துக்கடை:
நார்க்கதை நிற்காதுங்க. வேரைக் குழவியால் லேசா ஒரு தட்டு தட்டுங்க. பழுப்புத் தோல் பிளந்து கழலும், நடுவில் வெள்ளைக் குச்சி நிற்கும். மணம் முழுக்கத் தோலில். குச்சி குப்பைக்கு. தூக்கிப் போடுகிற நாரை வைத்தா பேர் வைப்பான்? பழைய தமிழில் நாறுதல் என்றால் மணத்தல். மலையாளத்தில் இதுக்கே நறுநீண்டி என்றும் பேர், தெலுங்கில் சுகந்திபால. எல்லாமே வாசனையைப் பிடித்து வந்தவை. நாற்றம் என்றாலே மூக்கைப் பொத்துகிற காலம் வந்த பிறகு, 'நாறி'யை யார் குடிப்பான்?

முத்தியால்பேட்டை:
அதுக்காகப் பலகையெல்லாம் மாற்றச் சொல்லிக் கிளம்பாதீங்க ஐயா. அகராதியில் இடையின ரகரம்தான். எனக்கு சர்பத்துதான் வேடிக்கை. 'குடி' என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்தது. அதே வேர்தான் பிரெஞ்சில் சிரோ (சிரப்) ஆச்சு, துருக்கி, இத்தாலி சுற்றி சோர்பே என்கிற பழ ஐஸ் ஆச்சு. நம்ம ஊர் ஒயிட் டவுன் மெனுவில் ஐஸாக வருவதும் வண்டியில் கிளாஸில் வருவதும் பங்காளிகள்.

நெல்லிக்குப்பம் அக்கா:
பேர் எதுவானாலும் பாகு கெட்டால் வீண், அதனால் கேட்காமலே சொல்கிறேன். குச்சி நீக்கிய தோல் 100 கிராம், ஒன்றிரண்டாய் இடித்தது. முக்கால் லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி ராத்திரி முழுக்க ஊறட்டும். வேரை அடுப்பில் போட்டுக் கொதிக்க விடாதீங்க, மணம் ஆவியோடு போயிடும். தெருவே மணக்கும், கிளாஸில் ஒன்றும் இருக்காது. வடித்த சாறு அரை லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை. சிறு தீயில் சர்க்கரை கரைந்ததும் இறக்கிடணும். சர்க்கரையைக் குறைத்தால் நாலு நாளில் நுரைத்துப் புளிக்கும். தண்ணீர் வற்றினால் பாட்டில் அடியில் கற்கண்டாய் உறையும்; அதைத் தடுக்கத்தான் சூட்டிலேயே அரை மூடி எலுமிச்சை. ஈரப் பாட்டிலில் ஊற்றினால் மேலே பூஞ்சை. வீட்டில் செய்தது இளம் பழுப்பாத்தான் இருக்கும். கடைப் பாட்டிலின் கருஞ்சிவப்பு வேரின் நிறம் இல்லை.

வில்லியனூர் மருந்துக்கடை:
அக்கா சொன்ன அளவு சரி. ஆனா வேர் வாங்கும்போது பாருங்க. நன்னாரி மெல்லிசு, பென்சில் கனம்கூட வராது. தோலில் குறுக்கே வெடிப்பு இருக்கும். விரல் கனத்தில் சதைப்பிடிப்பாக இருந்தால் அது ஊறுகாய் போடுகிற மாகாளிக்கிழங்கு. மணம் தருகிற பொருள் இரண்டிலும் ஒன்றே, மூக்கை நம்பினால் ஏமாறுவீங்க.

மஞ்சக்குப்பத்தான்:
அப்போ மாகாளியில் போட்டாலும் சர்பத் வருமா?

வில்லியனூர் மருந்துக்கடை:
வரும். ஆந்திரப் பக்கம் அதையும் போடுவாங்க. நன்னாரி விலைக்கு மட்டும் வாங்கிடாதீங்க.