பட்டியலில் இல்லாத செலவு: உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எது வந்து நின்றது?

கணக்குப்புலி

தங்கை கல்யாணம் முடிந்து இருபது நாள் ஆகிறது. நேற்று ராத்திரிதான் கணக்கை மூடினேன். போட்ட திட்டத்தைவிட 22 சதவீதம் கூடுதல். இத்தனைக்கும் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எக்செல்லில் 11 தாள், பச்சை சிவப்பு வண்ணமெல்லாம் போட்டு, ஆறு மாதமாக வீட்டில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டு இருந்தவன்.

பெரிய செலவு எதிலும் ஓட்டை விழவில்லை. மண்டபம், துணி, போட்டோ எல்லாம் பேசிய தொகைக்கே முடிந்தன. உதைத்தது தலைக்கணக்கு. அம்மா ஒரு பழைய நோட்டில் அழைக்க வேண்டியவர்களை எழுதி வைத்திருந்தார். மொத்தம் 112 வரி. ஒரு வரிக்கு இரண்டரைப் பேர் என்று பெருக்கி, மேலே ஒரு 20 சேர்த்து, 300 என்று சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவின் நோட்டில் ஒரு வரி என்றால் ஒரு வீடு என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் எத்தனை தலை என்று கேட்கத் தோன்றவில்லை. ‘பெரியப்பா வீடு’ என்ற ஒரே வரியிலிருந்து ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். கடைசியில் எண்ணிய தட்டு 371.

எங்கள் செலவில் சாப்பாடு மட்டும் 40 சதவீதம். தலை 24 சதவீதம் ஏறியதால், அந்த ஒன்றிலேயே மொத்தச் செலவு ஒன்பதரை சதவீதம் ஏறிவிட்டது. கூடுதல் அறை, நாற்காலி, வண்டி என்று அதன் பின்னாலேயே வந்தது இன்னொரு 5. மீதி எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பட்டியலில் இல்லாமல் வந்து நின்ற செலவு எது? சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். அடுத்து இன்னொரு தங்கை வேறு இருக்கிறாள்.

சின்னவள்

என் கல்யாணத்துக்கு நானே பட்டியல் போட்டேன். உங்கள் அம்மா நோட்டைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

‘எத்தனை பேர் வருவீங்க’ என்று நேரடியாகக் கேட்டால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆள் எண்ணிக் கூப்பிடுகிறாளா என்று கோபித்துக்கொள்வார்கள். அதனால் வேறு வழியில் போனேன். பத்து நாள் முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, “சித்தி, வண்டி ஏற்பாடு பண்றோம், உங்க வீட்டுக்கு எத்தனை சீட் வைக்கட்டும்?” என்றேன். கேட்டவுடன் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். அதே சித்தி ஒரு மாதம் முன்னால் “எல்லாரும் வருவோம்மா” என்று மொட்டையாகச் சொன்னவர். சீட் என்றதும் “நாங்க ரெண்டு பேர்தான், பையனுக்குப் பரீட்சை” என்றார்.

180 பேரைக் கேட்டதில் 150 பேர் வருவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் 138. வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்து நின்றவர்கள் நாலு பேர், அவர்களும் இந்த 138-க்குள்தான். போனில் மட்டும் மூன்று சாயங்காலம் போனது. ஆனால் கல்யாண வேலையிலேயே அதிகமாக மிச்சம் பிடித்தது அந்த மூன்று சாயங்காலம்தான்.

தட்டு எண்ணுவதிலும் ஒரு வேலை உண்டு. பரிமாறத் தொடங்கும் முன்பு எத்தனை தட்டு இறக்கினார்கள், முடிந்தபின் எத்தனை சுத்தமாக மிச்சம் இருக்கிறது என்று நம் ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். மறுநாள் எண்ணினால் சண்டைதான்.

ராக்கோழி

எங்களுக்கு வந்து நின்றது மணி.

மண்டபம் ‘மாலை 6 வரை’ என்று ரசீதில் இருந்தது. விருந்தாளிகள் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்துக்கொண்டோம். ஆறு மணிக்கு மண்டபம் காலியாகி, பெருக்கி, சாவி மண்டபக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தமாம். அலங்காரத்தைப் பிரிக்கவே மூன்று மணி நேரம் ஆகும் என்று அலங்காரக்காரருக்குத் தெரியும், மண்டபக்காரருக்கும் தெரியும், எங்களுக்கு மட்டும் தெரியாது. ஐந்தரைக்கு மேலாளர் வந்து தூணோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மேடையில் மாப்பிள்ளை பொண்ணு, கீழே என் அண்ணன் ஏணியில் நின்று துணியைக் கழற்றுகிறான். அந்தப் போட்டோ ஆல்பத்திலேயே இருக்கிறது.

கூடுதல் மணிக்கணக்குக்கு ஒரு தொகை. ஜெனரேட்டர் எரிபொருள் தனி, துப்புரவு தனி. சுவரில் ஒட்டிய டேப் பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வந்ததற்கு வைப்புத்தொகையில் பிடித்தம். எல்லாம் ரசீதுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததுதான். இப்போது யார் மண்டபம் பார்க்கப் போனாலும் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்: சாவி எத்தனை மணிக்கு எங்கள் கைக்கு வரும், எத்தனை மணிக்குத் திரும்பத் தரணும்?

பதினாலு பேர்

எங்களுக்கு வந்தது கொரோனா. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. எங்கள் கல்யாணம் அதே மாதம் 29-ம் தேதி. ஐந்து பேருக்கு முன்பணம் கொடுத்திருந்தோம்.

அந்த ஐந்து பேரிடமும் பேசியபோதுதான் ‘அட்வான்ஸ்’ என்கிற ஒரே சொல்லுக்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று புரிந்தது. போட்டோக்காரர் ஒப்பந்தத்தில் தேதி மாற்றத்துக்கு ஒரு வரி இருந்தது, ஒரே போனில் முடிந்தது. மண்டபத்தில் ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்தே இருந்தது. ரத்து செய்தால் என்ன என்று எழுதியிருந்தார்கள், ஒத்திவைத்தால் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டும் வேறு வேறு என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ரொம்ப நல்லவர் என்று நம்பி வாய்வார்த்தையில் பேசியிருந்தவர் போனையே எடுக்கவில்லை. அவர்மேல் இப்போது கோபம் இல்லை, அவருக்கும் அந்த வருடம் ஒரு வேலையும் நடந்திருக்காது.

கடைசியில் வீட்டிலேயே 14 பேரோடு முடித்தோம். மற்றவர்கள் போன் திரையில். இரண்டு வருடம் கழித்துத் தம்பி கல்யாணத்தில் யாருக்கும் முழுப்பணம் முன்னால் தரவில்லை. பேசி முடித்ததும் ஒரு பங்கு, ஒரு வாரம் முன்னால் ஒரு பங்கு, வேலை முடிந்த பிறகு மிச்சம். தேதி மாற்றம் பற்றிய வரி இல்லாவிட்டால் பேனாவை எடுத்து நானே எழுதிக் கையெழுத்து கேட்டேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஆனால் போட்டார்கள்.

கேமராக்காரன்

நான் அந்தப் பக்கத்து ஆள். கல்யாணப் படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன். முதலில் கணக்குப்புலிக்கு: சாப்பாட்டுக்குச் சொன்ன 300-ல் எங்களை எண்ணினீர்களா? படம் எடுக்க இரண்டு பேர், வீடியோ இரண்டு பேர், பாட்டு மேளம் என்று ஐந்து பேர், அலங்காரம் ஆறு, டிரைவர்கள் நாலு. மொத்தம் 19. காலையில் வந்து ராத்திரி போகிறவர்கள், சாப்பிடாமலா இருப்பார்கள்? எந்தப் பட்டியலிலும் நாங்கள் இருப்பதில்லை. சில வீடுகளில் “தம்பி சாப்டீங்களா?” என்று கேட்க ஆள் இருக்கும். சில வீடுகளில் சாயங்காலம் நாலு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம்.

அப்புறம் நேரம். குடும்பப் போட்டோ ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம். கிளிக் செய்ய ஒரு நொடிதான், மீதி நேரம் “மாமா எங்கே, மாமாவைக் கூப்பிடு” என்பதற்கு. 25 குழு என்றால் 75 நிமிடம். அதை எந்த நிகழ்ச்சி நிரலிலும் பார்த்ததே இல்லை. அந்த 75 நிமிடம் சாப்பாட்டைத் தள்ளும், சாப்பாடு தள்ளிப்போனால் மண்டபத்தைக் காலி செய்வது தள்ளும், ராக்கோழி சொன்ன மேலாளர் வந்து தூணோரம் நிற்பார். இரண்டு பக்கத்து முகமும் தெரிந்த, சத்தமாகக் கூப்பிடத் தெரிந்த ஒரே ஒரு ஆளை என்னோடு விட்டால் பாதி நேரத்தில் முடித்துவிடுவேன். ஒரு கல்யாணத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் சீட்டோடு நின்றாள். “அடுத்து அம்மா பக்கத்து அத்தைங்க மட்டும்! மாமாக்கள் நகருங்க!” என்றாள். அதுபோல ஒரு உதவியாளர் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

யாரைப் பேசி வைத்தாலும் கேமராவில் ஒரே சமயத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகுமா என்று கேளுங்கள். ஒரு கார்டு செத்தாலும் படம் இருக்கும். விலை பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது அது.

புள்ளிவிவரம்

2014-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியாலன் இருவரும் கல்யாணச் செலவுக்கும் மணவாழ்க்கை நீடிப்பதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தார்கள். அந்த நாட்டில் கல்யாணம் ஆன, ஆகிப் பிரிந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் கேட்டார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவு செய்தவர்களிடையே மணவாழ்க்கை நீடித்தது குறைவாகவும், அதிகம் பேர் கலந்துகொண்ட கல்யாணங்களில் அது கூடுதலாகவும் இருந்ததாம். ஒன்றால்தான் மற்றது என்று அர்த்தமில்லை, இரண்டும் சேர்ந்து தென்படுகின்றன, அவ்வளவுதான். கூட்டமும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை.

மூத்த மாப்பிள்ளை

படித்ததை எல்லாம் விடுங்கள், கவர் விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லையே.

என் கல்யாணத்தில் மாமனார் மேடையில் நின்று யாரோ பெரியவரோடு பேசிக்கொண்டு இருக்கிறார். பின்னாலிருந்து டிரைவர் சட்டையைச் சுரண்டுகிறார், “சார், பாக்கி.” அவர் போனதும் பாத்திரம் கழுவுபவர். அப்புறம் லைட்காரர். ஒவ்வொரு தடவையும் மாமனார் வேட்டி மடிப்பில் இருந்து பணக்கட்டை எடுத்து, கண்ணாடி இல்லாமல் எண்ணி, சில்லறை இல்லாமல் முழு நோட்டாகக் கொடுத்துவிட்டார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஒருவருக்கு இரண்டு தடவை போயிருக்கிறது.

மச்சினி கல்யாணத்தில் முதல் நாளே கவரில் பெயர் எழுதிப் பணம் போட்டு ஒட்டி, ஒரு பையில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 23 கவர், 4 வெறுங்கவர், ஒரு டப்பா நிறையச் சில்லறை. கொடுத்தால் கவரின் மேல்பக்கத்தைக் கிழித்து நான் வைத்துக்கொள்வேன், அதுதான் ரசீது. நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை, மனைவியோடு ஒரு போட்டோகூட இல்லை. ஆனால் மாமனார் மேடையை விட்டு இறங்கவில்லை.

கணக்குப்புலி

கேமராக்காரருக்கு: எண்ணவில்லை. இன்று உட்கார்ந்து எண்ணினேன், எங்கள் வீட்டில் அது 21 பேர். மாப்பிள்ளை சொன்ன கவரும் ஓட்டைதான். கணக்கில் சிக்காத பணத்தில் பெரும்பகுதி மாமா சட்டைப் பையிலிருந்து போயிருக்கிறது. அவரிடம் கேட்டால் “நல்ல காரியத்துக்குத்தானேப்பா” என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன்.

எமரி ஆராய்ச்சியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். செலவு பற்றிய பாதி அவர் காதில் விழவே இல்லை. “கூட்டம் வந்தா நல்லதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்று அப்பாவைப் பார்த்தார்.

சின்ன தங்கைக்கு இப்போதே புது நோட்டு வாங்கிவிட்டேன். இந்தத் தடவை பக்கத்தில் கோடு போட்டு ‘தலை’ என்று ஒரு பத்தி வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் முதல் வரியில் ‘பெரியப்பா வீடு’. பக்கத்துப் பத்தியில் எண் இல்லை. ‘வண்டி சீட்டு கேக்கணும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.