பழைய அலுமினியப் படகுக்கு முன்கண்ணாடி: கிளாஸா, அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

பண்ணவாடி:
வணக்கமுங்க. அப்பா மேட்டூர் டேம்ல மீன் பிடிக்கறார். பரிசலோட 14 அடி அலுமினியப் படகு ஒண்ணும் இருக்கு, பழசா வாங்கினது. ஸ்டீயரிங் வச்சது, முன்கண்ணாடி உண்டு. இப்ப அந்த ஷீட் மஞ்சளடிச்சுப் போச்சு. ஒவ்வொரு ஸ்குரு ஓட்டையில இருந்தும் விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருக்கு. ஆடிக் காத்துல அலை தெறிச்சு மூஞ்சியில அடிக்குது. அப்பாவுக்குக் கண் ஆபரேசன் ஆகியிருக்கறதால காத்து நேராப் படக்கூடாது. கடையில டஃபன்டு கிளாஸ் (சூடாக்கிக் கடினமாக்கின கண்ணாடி) போடுங்கறாங்க, இன்னொருத்தர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்ங்கறார். அகலம் 4 அடி, உயரம் ஒண்ணரை அடி. எதைப் போடறதுங்க?

கரூர் பட்டறை:
கிளாஸ் வேண்டாம் தம்பி. 6 மி.மீ. கனத்துல அந்த அளவு 8 கிலோவுக்கு மேல வரும், அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்னா அதுல பாதிதான். டஃபன் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு ஓட்டை கூடப் போட முடியாது. பழைய படகுல ஃபிரேம் நேரா இருக்காது. ஒரு மூலை முறுக்கினா மொத்தமும் பொடிஞ்சு கொட்டிரும்.

ஷீட்டை விடுங்க, முதல்ல அந்த விரிசலைப் பாருங்க. பிளாஸ்டிக் ஷீட் வெயில்ல அலுமினியத்தை விட மூணு மடங்கு விரியும். 30 டிகிரி சூடேறினா உங்க 4 அடி ஷீட் ரெண்டரை மி.மீ. நீளும், கீழ இருக்கற அலுமினியம் 1 மி.மீ. கூட நீளாது. ஸ்குருவை இறுக்கிப் புடிச்சு வச்சா ஷீட் எங்க போகும்? ஓட்டையிலதான் பொளக்கும். எதைப் போட்டாலும் ஓட்டை ஸ்குருவை விட 2-3 மி.மீ. பெருசா இருக்கணும். ரப்பர் வாஷர் வச்சு, ஷீட் நகர இடம் விட்டு முறுக்குங்க. கீழ் விளிம்புல ஓட்டையே வேண்டாம்னா சேனல்ல, அதாவது பள்ளம் இருக்கற அலுமினியப் பட்டையில, உட்கார வைக்கலாம். கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைப் பக்கம் வந்தா அலுமினிய சேனல், கண்ணாடி ரப்பர் பீடிங் எல்லாம் பார்த்து வாங்கிக்கலாம்.

கோபி:
என்னைக் கேட்டா பாலிகார்பனேட்தானுங்க. சுத்தியல்ல அடிச்சாலும் உடையாது. 3 மி.மீ. ஷீட்னா சூடு பண்ணாமலே லேசா வளைச்சும் மாட்டிரலாம்.

பவானிசாகர்:
உடையாதுங்கறது நிஜம்தான். ஆனா சீக்கிரம் கீறல் விழும், யூவி பூச்சு (வெயிலோட புற ஊதாக் கதிரைத் தடுக்கற பூச்சு) இல்லாத ஷீட் மஞ்சளாயிரும். இங்க கண் ஆபரேசன் ஆனவர் ஓட்டறார், தெளிவுதான் முக்கியம். அக்ரிலிக்ல கீறல் விழுந்தா பாலிஷ் போட்டு எடுத்துக்கலாம். மேட்டூர் டேம்ல பண்ணவாடிப் பக்கம் தண்ணி இறங்கினா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும் இல்லீங்களா? தெரிஞ்சதுக்கு அப்புறம் பயமில்லை, சுத்திப் போயிரலாம். தெரியறதுக்கு முன்னாடி, தண்ணிக்கு அடியில நிக்கறப்பதான் படகுக்கு ஆபத்து. மங்கின ஷீட் வழியா அது கண்ணுல படவே படாது. அதனால 5 இல்லன்னா 6 மி.மீ. அக்ரிலிக்.

எதுவா இருந்தாலும் பெட்ரோல், தின்னர் படக்கூடாது, நுண்விரிசல் விழுந்துரும். காஞ்ச துணியில தேய்க்காதீங்க. தண்ணி ஊத்தி, சோப்பு நுரையில பருத்தித் துணி போட்டுத் துடைங்க.

பண்ணவாடி:
ரொம்ப நன்றிங்கண்ணா. அக்ரிலிக்கே போட்டுடறேன். உயரம் பழைய அளவே வைக்கலாமா? அப்பா உட்கார்ந்தா மேல் விளிம்பு சரியா கண்ணுக்கு நேரா வருதுங்க.

பவானிசாகர்:
அதுதான் இருக்கறதுலயே மோசமான அளவு. விளிம்பு பார்வையைக் குறுக்க வெட்டும். கண்ணை விட நாலு விரக்கடை கீழ நிறுத்துங்க, பின்பக்கமா நல்லா சாய்ச்சு வைங்க. காத்து ஷீட்ல ஏறித் தலைக்கு மேல போயிரும், அப்பா விளிம்புக்கு மேலாகவே தண்ணியைப் பார்க்கலாம். ஷீட் வெட்டறதுக்கு முன்னாடி அட்டையில வெட்டிப் படகுல நிறுத்தி, அவரையே உட்கார வச்சுப் பாருங்க.

கரூர் பட்டறை:
ஸ்குரு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போடுங்க, ஆனா அலுமினியத்துல நேராத் தொடாம நடுவுல நைலான் வாஷர் வைங்க. இல்லன்னா அந்த இடத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சுப் போகும். இடுக்கு அடைக்க சிலிகான் பசை வாங்கறப்ப நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. வினிகர் வாசம் அடிக்கறது அலுமினியத்துக்கு ஆகாது.