டெக்னிக்கல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள், அடுத்த டெண்டருக்கு என்ன செய்வது?

பெருங்குடி_சென்சார்:
வணக்கம். பெருங்குடியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். மழைநீர் வடிகாலில் நீர்மட்டத்தை அளந்து போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி செய்கிறோம். டிபிஐஐடி அங்கீகாரம் (ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசு தருவது), உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது) இரண்டும் இருக்கின்றன. போன மாதம் மாநில அரசு அலுவலகம் ஒன்றின் டெண்டரில் கலந்துகொண்டோம். மூன்று வருட டர்ன்ஓவர் (விற்பனைக் கணக்கு) இல்லை, முன் அனுபவம் இல்லை என்று, விலையைப் பார்க்கும் முன் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். விலைப்புள்ளியைத் திறக்கவே இல்லை. ஸ்டார்ட்அப்புக்கு விலக்கு உண்டு என்று நம்பி அங்கீகாரச் சான்றிதழை முதல் பக்கமாக வைத்திருந்தோம். எங்கள் கருவி இரண்டு மழைக்காலம் தெரு வடிகாலில் சேற்றுக்குள் கிடந்து தாக்குப்பிடித்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வேதனை. எங்கே தவறினோம்?

டெண்டர்_மேசை:
நீங்கள் சொல்லும் விலக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல், 173ஆம் விதியில் வருகிறது. அங்கேயும் ‘தளர்த்தலாம்’ என்றுதான் இருக்கிறது, அதுவும் தரம், தொழில்நுட்பத் தேவை இரண்டையும் நிறைவு செய்தால். மாநில டெண்டர் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கிறது. டெண்டர் ஆவணத்தில் விலக்கு எழுதப்படவில்லை என்றால் மதிப்பீட்டுக் குழு நினைத்தாலும் தர முடியாது, போட்டியிடும் மற்றவர்கள் விட மாட்டார்கள். அதனால் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடும் முன் சந்தேகங்களைக் கேட்கும் கூட்டம்) முன்பே, எந்த நிபந்தனை, எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் திருத்த அறிவிப்பு வரும். டெண்டர் முடிவு உத்தரவு கைக்கு வந்த 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய அதே மாநிலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஆவணத்தில் இல்லாததைக் கேட்டு மேல்முறையீட்டுக்குப் போய் ஜெயிப்பது கஷ்டம்.

அம்பத்தூர்_பழையவர்:
தம்பி, மேலே சொன்னது சரி. நான் பார்த்தவரை இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே அரசு வேலை எடுத்திருக்கும் பெரிய ஒப்பந்தக்காரருக்கு முதலில் பத்துக் கருவி கொடுங்கள். வேலை முடிந்த சான்று ஒன்று கையில் இருந்தால் அனுபவக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் பணம். இதில்தான் சிறு நிறுவனங்கள் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கடன் வாங்கிப் பொருளைக் கொடுத்துவிடுவார்கள், பில் மேசைமேல் கிடக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகித’த்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். ஆனால் உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். டெலிவரி சலானில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் தெளிவாக விழ வேண்டும். மங்கலாக விழுந்த முத்திரைக்காக எனக்கு ஒரு முறை நான்கு மாதம் வீணானது. மை காய்ந்திருந்தால் அங்கேயே நின்று மறுபடி குத்தச் சொல்லுங்கள்.

பெருங்குடி_சென்சார்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆவணத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 11ஆம் பக்கத்தில் ப்ரீ-பிட் தேதி இருக்கிறது, நாங்கள் போகவே இல்லை. அடுத்த டெண்டருக்கான கேள்விகளை இன்றே எழுதி அனுப்பிவிட்டோம். அண்ணா, சப்-கான்ட்ராக்டாகச் செய்தால் சான்றில் யார் கையெழுத்து வேண்டும்?

அம்பத்தூர்_பழையவர்:
அரசு அதிகாரி கையெழுத்து, உங்கள் நிறுவனப் பெயரோடு. ஒப்பந்தக்காரரின் கடிதத்தை மட்டும் வைத்தால் பல டெண்டர்களில் ஏற்க மாட்டார்கள். ஆர்டர் வாங்கும் அன்றே இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.